மண் மிதித்த விடுமுறை

மண்பாண்டம் செய்யப் பழக வருகிறவர்கள் எல்லோரும் சக்கரத்தைத்தான் கேட்கிறார்கள். சக்கரத்தில் உட்கார எவ்வளவு, எவ்வளவு நேரம், செய்ததைக் கையோடு கொண்டுபோகலாமா? தொலைபேசியில் நானும் இதையேதான் கேட்டேன். சினிமாவிலும் செல்போனிலும் நாம் பார்த்ததெல்லாம் சுழலும் சக்கரமும் அதன்மேல் எழும்பும் மண்ணும்தானே. ஆனால் ஒரு பானை உருவாகும் காலத்தில் சக்கரத்துக்கு உரியது சில நிமிடங்கள்தான். அதற்கு முன்னும் பின்னும் கிடக்கிற வேலைதான் பெரிய வேலை. அந்த வேலையில் கொஞ்சத்தையாவது கையாலும் காலாலும் தொட்டுப் பார்க்க எனக்கு ஒரு விடுமுறை வாய்த்தது.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மகளை அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போயிருந்தேன். கடற்கரைச் சாலையில் நடந்து முடித்தாயிற்று, மணக்குள விநாயகரைப் பார்த்தாயிற்று. "கையால ஏதாவது செய்யலாம்மா" என்றாள். அந்த ஊரில் ஒரு பிள்ளை அப்படிக் கேட்டால் மண்பாண்டப் பட்டறைக்குத்தான் போகத் தோன்றும். 1971-இல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற அமெரிக்கர்கள் இருவர் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். ஜப்பானிய மரபிலிருந்து கற்ற உயர்வெப்பக் கலங்களை, மேலே கண்ணாடிபோல் மெருகு உருகி ஒட்டிய கலங்களை, இந்த மண்ணில் செய்து காட்டினார்கள். பின்னாளில் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களிடம் படித்தவர்கள், படித்தவர்களிடம் படித்தவர்கள் என்று ஒரு பரம்பரையே வளர்ந்து, இன்று புதுச்சேரியிலும் ஆரோவிலைச் சுற்றிய ஊர்களிலும் சிறுசிறு பட்டறைகளாகப் பரவியிருக்கிறது. மீக்கர் ஒரு படி மேலே போனார். 1980களில், பச்சை மண் செங்கல்லால் ஒரு வீட்டையே கட்டி, உள்ளே தீ மூட்டி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டெடுக்கும் சோதனையில் இறங்கினார். மண்ணின்மேல் அப்படியொரு நம்பிக்கை வைத்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

நாங்கள் போனது பெயர்ப்பலகைகூடச் சின்னதாக வைத்திருந்த ஒரு பட்டறைக்கு. நடத்துகிறவர் முப்பது வயதை ஒட்டிய பெண். வில்லியனூர்ப் பக்கம் குயவர் வீட்டில் பிறந்தவர். என் மகள் "மிஸ்" என்று கூப்பிட்டதும் "அக்கான்னு கூப்பிடு பாப்பா, மிஸ்ஸுன்னா எனக்கே பயமா இருக்கு" என்றார். என்னையும் அவர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டோம். அவர் மேசைமேல் மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தித் தள்ளி, லேசாகத் திருப்பி, மறுபடி தள்ளி. ஒவ்வொரு தள்ளலுக்கும் மண் உருண்டையின் முகத்தில் சங்கின் வரிபோல ஒரு மடிப்பு விழுந்தது. "சக்கரத்துக்குப் போற மண்ணு ரெடியாத்தான் வெச்சிருக்கேன். இது நாளைக்கு" என்றார். நாங்களும் பிசையலாமா என்று மகள் கேட்டாள். அவர் ஒரு கணம் யோசித்தார். வருகிற யாரும் அதைக் கேட்பதில்லையாம்.

அந்தக் கேள்வியால் முதல் ஒரு மணி நேரம் மேசையருகிலேயே போனது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. மண்ணை எதற்குப் பிசைகிறோம் என்று கம்பியால் அறுத்துக் காட்டினார். இரண்டு முனையிலும் மரக்கட்டை கட்டிய மெல்லிய கம்பி. நாங்கள் பிசைந்த உருண்டையை நடுவே அறுத்துத் திறந்தால், வெட்டுமுகத்தில் அங்கங்கே குண்டூசித் தலையளவு ஓட்டைகள். ஓரிடத்தில் மண் கொஞ்சம் வெளிறி, இன்னோர் இடத்தில் கருத்து. ஓட்டை என்றால் காற்று. வெளிறலும் கருப்பும் ஈரம் சமமாக இல்லை என்பதற்கு அடையாளம். அவர் பிசைந்ததை அறுத்தால் வெட்டுமுகம் ஒரே நிறத்தில், நெய் தடவியதுபோல் இருந்தது. சக்கரத்தில் மண் ஒரு பக்கம் இறுகியும் ஒரு பக்கம் இளகியும் இருந்தால், விரல் இறுகிய இடத்தில் இடறி இளகிய இடத்தில் புதைந்துவிடும். எத்தனை தேர்ந்த கையானாலும் அதைச் சரிசெய்ய முடியாது என்றார்.

பிறகு சக்கரம். மின்சாரச் சக்கரம், காலடியில் மிதி. மண்ணை நடுவில் ஓங்கி அறைந்து ஒட்டவைத்ததும் அது ஒரு பக்கமாகத் தள்ளாடிச் சுற்றியது. அந்தத் தள்ளாட்டம் அடங்கும்வரை அடுத்த வேலை இல்லை. பட்டறையில் இதைச் 'சென்டர் பண்றது' என்கிறார்கள்.

"முழங்கையைத் தொடையில ஊனிக்கோங்க அக்கா. கையை அசைக்காதீங்க. சக்கரம்தான் சுத்தணும், நீங்க சுத்தக் கூடாது."

இடது உள்ளங்கை பக்கவாட்டில், வலது கை மேலிருந்து. மண் ஒவ்வொரு சுற்றிலும் கையை இடித்துத் தள்ளுகிறது. கை நகர்ந்துவிட்டால் மண் ஜெயித்துவிடும். நகராமல் நின்றால், சில சுற்றுகளுக்குப் பிறகு இடிப்பது குறைந்து, ஒரு தருணத்தில் சுத்தமாக நின்றுபோகிறது. மண் வேகமாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் தொடும் கைக்கு அது அசையாத பொருள்போல் இருக்கிறது. அந்தத் தருணத்தில் மகள் "அம்மா!" என்று சத்தம் போட்டாள். அவளுக்கு எனக்கு முன்பே அது கைகூடியிருந்தது. பிள்ளைகள் பலத்தால் முட்டுவதில்லை, அதனால் சீக்கிரம் வந்துவிடும் என்றார் அவர்.

கட்டைவிரலால் நடுவைத் திறந்ததும் நான் உடனே சுவரைத் தூக்கப் பார்த்தேன். அவர் தடுத்தார். "முதல்ல அடியை விரலால நல்லா அழுத்தி விடுங்க. வெளியிலேர்ந்து நடுவுக்கு. இல்லேன்னா காயறப்ப அடி வெடிக்கும்." சுவர் தூக்கும்போது விரலின் அழுத்தத்தில் மண் நெருங்கி இறுகுகிறது, அடியை யாரும் அப்படி அழுத்துவதில்லை. சுவர் ஒரு வேகத்தில் உலர்ந்து சுருங்க, அடி இன்னொரு வேகத்தில் சுருங்க, நடுவில் ஒரு கோடு விழுகிறது. இன்றைக்குச் செய்யாத வேலை அடுத்த வாரம் விரிசலாக வெளியே வரும் என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இந்தத் தொழிலின் குணம் முழுக்க இருப்பதாக எனக்குத் தோன்றியது.

தண்ணீரும் அப்படித்தான். தண்ணீர் தொட்டால் விரல் வழுக்கிக்கொண்டு சுகமாகப் போகும். ஆனால் மண் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும், குடித்தது போதுமென்றானதும் சுவர் இடுப்பொடிந்து உட்கார்ந்துவிடும். நான் செய்த கிண்ணம் உயரமில்லாமல் அகலமாக வந்தது. மகளுடையது கூஜாபோல் கழுத்து ஒடுங்கி நின்றது. கம்பியால் அடியை அறுத்து, பலகைக்கு மாற்றி, பாலித்தீன் தாளால் மூடிவைத்தார். மார்கழி ஈரத்தில் எதற்கு மூடுகிறீர்கள் என்று கேட்டேன். காய்வதற்கு அல்ல, ஒன்றுபோலக் காய்வதற்கு என்றார். விளிம்பு மெலிசு, காற்று பட்டதும் முந்திக்கொண்டு காய்ந்துவிடும். தடித்த அடி பின்தங்கும். மூடி வைத்தால் இரண்டும் சேர்ந்து வரும். தோல்போல் இறுகும் பதத்துக்கு வந்ததும் கவிழ்த்து வைத்து, அடியைச் சீவி, மறுபடி மெள்ளக் காயவிட்டு, முதல் சூடு, மெருகு, பிறகு 1,280 டிகிரியை ஒட்டிய இரண்டாம் சூடு. எல்லாம் முடியும்போது கிண்ணம் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு சிறுத்துவிடும். கையோடு கொண்டுபோகலாமா என்று தொலைபேசியில் நான் கேட்டதற்கு இதுதான் பதில்.

அன்று மாலை பாரதி பூங்காவை ஒட்டிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். புதுச்சேரியை அடுத்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த ஓடுகள் அங்கே இருக்கின்றன. வேறு நாளாக இருந்தால் உடைந்த ஓட்டுத் துண்டுகளை ஒரே பார்வையில் கடந்திருப்போம். அன்று மகள் கண்ணாடிப் பெட்டிமேல் மூக்கை ஒட்டிக்கொண்டு, ஓட்டின் உட்புறத்தில் ஓடும் மெல்லிய வரிகளைக் காட்டி, "இது விரல் போன தடம்தானே?" என்றாள்.

அரிக்கமேட்டின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். அன்றைய தொல்லியல் துறைத் தலைவர் மார்ட்டிமர் வீலர் 1944-இல் சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் ரோமானிய மதுச்சாடியின் உடைசலைக் கண்டு, அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்துப் புதுச்சேரிக்கு வந்தார். 1945-இல் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ப் பெயரால் அழைக்கப்படும் அரெட்டைன் ஓடுகள் கிடைத்ததால், இந்தத் துறைமுகத்தில் கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய வணிகம் நடந்ததை ஆண்டுக் கணக்கோடு சொல்ல முடிந்தது. அவற்றோடு இன்னொரு வகை ஓடும் ஏராளமாகக் கிடைத்தது. ரௌலட்டட் ஓடு என்கிறார்கள். தட்டையான அடியுள்ள தட்டு. உட்புற நடுவில் வட்டம் வட்டமாக, பல் வைத்து அழுத்தியதுபோல் நுண்ணிய புள்ளி வரிசைகள். சக்கர வேலையின் நேர்த்தியையும் அந்த அலங்கார முறையையும் பார்த்த வீலர் இது மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்கு என்று கருதினார். பிந்தைய ஆய்வாளர்கள் ஓட்டின் மண்ணையே எடுத்துச் சோதித்தார்கள். மண் இந்திய மண். கங்கை கடலில் கலக்கும் வங்கப் பகுதியை அது சுட்டியது. அலங்காரத்தைப் பார்த்தபோது மேற்குக் கடலைக் காட்டியது, மண்ணைக் கேட்டபோது வேறு ஊரைச் சொன்னது.

அந்த ஓட்டில் கண்ணுக்கு ஒரு மணல் துகள்கூடத் தெரியவில்லை. மண்ணை நீரில் கரைத்து, கனமானது கீழே படிந்தபின் மேலே மிதக்கும் நைஸான குழம்பை மட்டும் வடித்து, அதைக் கெட்டிப்படுத்தினால்தான் அப்படியொரு மண் கிடைக்கும். காலையில் மேசையருகே நின்றதால்தான் எனக்கு இது உறைத்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் யாரோ பொறுமையாகக் கரைத்து வடித்துக் காத்திருந்திருக்கிறார்கள். சக்கரத்தில் உட்கார்ந்தவரின் கைத்திறனைப் புகழ்கிற புத்தகங்களில் அந்தக் கரைத்தவரைப் பற்றி ஒரு வரியும் நான் படித்ததில்லை.

இதை மறுநாள் பட்டறையில் சொன்னபோது அவர் சிரித்தார். "மண்ணு வேலை பாக்கணும்னா எங்க வீட்டுக்கு வாங்க அக்கா. பொங்கல் பானைக்கு இப்பதான் மும்முரமா ஓடுது."

போனோம். மார்கழிக் காலை, வாசலில் கோலம் இன்னும் ஈரமாக இருந்தது. வீட்டின் பக்கவாட்டில் கீற்றுக் கொட்டகை. அவருடைய அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண் மிதித்துக்கொண்டிருந்தார். ஏரி மண்ணைக் காயப்போட்டு, உடைத்து, ஊறவைத்து, சலித்த மணலைச் சேர்த்து, நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே வருகிறார். குதிகாலால் அழுத்தி, முன்பாதத்தால் தள்ளி. விளிம்புக்கு வந்ததும் மண்ணைச் சுருட்டிக் குவித்து மறுபடி நடுவிலிருந்து. நாங்களும் காலைக் கழுவிக்கொண்டு ஏறினோம். மண் ஐஸ் மாதிரி குளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கெண்டைக்கால் சதை இழுத்தது. அவர் எங்களோடு பேசிக்கொண்டே மிதித்தார். திடீரென்று நின்று, குனிந்து, பட்டாணி அளவில் வெள்ளையாக ஒன்றைப் பொறுக்கி வெளியே எறிந்தார்.

"சுக்காங்கல்லும்மா. கைக்குத் தெரியாது. காலுக்குத்தான் தெரியும்."

மகளுக்கு அந்தக் கல்லில் என்ன தப்பு என்று புரியவில்லை. அது சுண்ணாம்புக் கல். சூளையில் வெந்தால் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பானை வெளியே வரும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சுண்ணாம்பு காற்றிலிருக்கும் ஈரத்தை மெள்ள இழுத்து உப்பும். வாங்கிப்போனவர் வீட்டில் சில நாள் கழித்துப் பானையிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து விழும். "வாங்குனவங்க பானை சரியில்லைன்னு சொல்வாங்க. பானை நல்லாத்தான் இருக்கும், மிதிச்சவ பாக்கல" என்றார் அந்த அம்மா. வெயில் ஏறும்வரை அவர் நிறுத்தவில்லை.

கொட்டகைக்குள் எங்கள் ஆசிரியையின் அப்பா சக்கரத்தில் இருந்தார். அங்கும் மோட்டார் வந்துவிட்டது. அவர் கையில் பானை எழும்பிய வேகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. அதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்து வியந்தது அடுத்த கட்டத்தை. சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த பானைக்கு அடியே இல்லை. கழுத்தும் வாயும் அழகாக முடிந்திருக்க, கீழே தடித்த சுவரோடு திறந்து கிடந்தது. சற்று இறுகியதும் அம்மா அதை மடியில் சாய்த்துக்கொண்டார். இடது கையில் உருண்டைக் கல்லைப் பானைக்குள் விட்டு, வலது கையில் தட்டுப்பலகை. உள்ளே கல் எங்கே இருக்கிறதோ வெளியே பலகை சரியாக அங்கே விழுகிறது. கல் கண்ணுக்குத் தெரியாது. தட்டத் தட்டச் சுவர் மெலிந்து, அடி உள்ளே கூடிக்கூடி, திறப்பு சுருங்கி, கடைசியில் மூடிக்கொண்டது. தொடக்கத்தில் 'பொத், பொத்' என்றிருந்த சத்தம் போகப்போக உயர்ந்தது. சுவர் போதுமான அளவு மெலிந்ததை அவர் காதால் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். நாம் பொங்கல் வைக்கும் பானையின் உருண்ட அடி, தீ ஒன்றுபோலத் தாவிப் பிடிக்கிற அந்த வடிவம், சக்கரத்தில் பிறப்பதே இல்லை. அது இந்த மடியில் பிறக்கிறது.

"எங்க வீட்டுல பொம்பளைங்க சக்கரத்துல உக்கார மாட்டாங்க அக்கா. பாட்டி காலத்துலேர்ந்து அப்படித்தான்" என்றார் எங்கள் ஆசிரியை. அவர் சக்கரம் பழகியது ஒரு பட்டறையில் மெருகு கலக்கும் வேலைக்குப் போன இடத்தில். வீட்டில் முதலில் சண்டை. இப்போது அப்பாவே மகள் செய்த கோப்பையில்தான் டீ குடிக்கிறார். ஆனாலும் சந்தையில் அது அப்பா பானை. மண் உடைத்தவர், ஊறவைத்தவர், மிதித்தவர், தட்டியவர், காவி பூசியவர், தலையில் சுமந்து விற்றவர், எல்லாம் அம்மா. மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்தால் அது யாருடைய பானை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பேர் அவருக்கும் சேர வேண்டும்.

சூளை மூட்டும் நாளுக்கும் எங்களை வரச் சொன்னார்கள். பானைகளை அடுக்கி, இடையிடையே வறட்டியும் சவுக்கு விறகும் வைத்து, மேலே வைக்கோல் பரப்பிச் சேற்றால் பூசி, புகை போக அங்கங்கே கண் விட்டிருந்தார்கள். முதலில் சின்னத் தீ. கண்களிலிருந்து வெள்ளையாகப் புகை. "வெள்ளைப் புகை நிக்கிற வரைக்கும் தீயை ஏத்தக் கூடாது" என்றார் பெரியவர். அது புகையில்லை, பானைக்குள் ஒளிந்திருக்கும் ஈரம் ஆவியாகி வருகிறது. அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் ஆவி வெளியேற வழியில்லாமல் பானையை உடைத்துக்கொண்டு வரும். அதற்கு மேல் சூடு ஏறி 500, 600 டிகிரியை ஒட்டும்போது, மண்ணோடு இரண்டறக் கலந்திருந்த நீரும் பிரிந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டியது எத்தனை நாள் தண்ணீரில் ஊறினாலும் மறுபடி சேறாகாது. பெரியவரிடம் வெப்பமானி கிடையாது. இருட்டியபின் சூளைக் கண்ணில் தெரியும் சிவப்பைப் பார்த்து விறகை நிறுத்தினார்.

சூளை பிரித்தபோது ஒவ்வொன்றையும் விரல் மடக்கிச் சுண்டிப் பார்த்தார் அம்மா. கணீரென்றால் ஒரு பக்கம், சத்தம் மட்டுப்பட்டால் இன்னொரு பக்கம். மகளும் சேர்ந்து சுண்டினாள். சிலவற்றில் அவர்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை. அவர் வாக்குத்தான் சரியாக இருந்தது என்பதை, பானையைத் திருப்பி மயிரிழை விரிசலைக் காட்டியபோது ஒப்புக்கொண்டாள்.

பட்டறைக்கு வருகிறவர்களை ஏன் மண் மிதிக்கவும் தட்டவும் விடுவதில்லை என்று ஆசிரியையைக் கேட்டேன். "காசு குடுத்து யாரு அக்கா மண்ணு மிதிப்பாங்க?" என்று திருப்பிக் கேட்டார். நான் மிதிப்பேன். மிதிக்கிற நாளுக்கும் தனியாகக் கட்டணம் வாங்குங்கள், அதை அம்மா கையில் கொடுங்கள், தட்டுப்பலகையை அவரே சொல்லிக்கொடுக்கட்டும் என்றேன். சுற்றுலாவுக்கு வந்து சக்கரத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்குக் காட்டப்பட்டது அவ்வளவுதான். முழுதாகக் காட்டினால் நிற்பார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை நின்றதை நான் பார்த்தேன்.

அவர் யோசிப்பதாகச் சொன்னார். பிறகு, "அப்படின்னா முதல்லேர்ந்தே பாருங்க. ஏரி வத்தினாத்தான் மண்ணு எடுக்க முடியும். சித்திரைக்கு மேல வாங்க. மேல் மண்ணை ஒதுக்கிட்டு அடி மண்ணை எப்படிப் பாத்து எடுக்கறதுன்னு அப்பா காட்டுவாரு. அம்மாவும் வருவாங்க, அவங்க தொட்டுப் பாத்து சரின்னு சொல்லாம அப்பா வண்டியில ஏத்த மாட்டாரு" என்றார்.

முழு ஆண்டு விடுமுறைக்கு மகள் ஊட்டி கேட்டிருந்தாள். இப்போது ஏரிக்குத்தான் என்கிறாள். மே மாதத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன்.